திங்கட்கிழமை கூட்டம் இருக்காது

பதினோரு ஆண்டுகள் அவரும் நானும் ஒரே ஆசிரியர் அறையில் இருந்தோம். அந்தப் பதினோரு ஆண்டுகளில் நான் அவரிடம் முழுதாகச் சொல்லி முடித்த வாக்கியங்கள் மூன்று. மூன்றும் என் நாட்குறிப்பில் இருக்கின்றன. முதலாவது, நூலக அறையில்: "மேடம், பாம்பு." இரண்டே சொல் என்பதால் அது தப்பித்தது. இரண்டாவது, ஒரு சுதந்திர தினத்தன்று கொடிக்கம்பத்தின் அருகே: "மேடம், புடவையில சாக்பீஸ்." மூன்றாவதைப் பிறகு சொல்கிறேன். மற்ற எல்லாம் பாதியில் நின்றவை.

எதிரில் இருப்பவர் மூன்றாவது சொல்லுக்கு வருவதற்குள் அவருடைய வலது உள்ளங்கை தோள் உயரத்துக்கு எழும். மைசூர் கே.ஆர். சர்க்கிளில் வண்டிகளை நிறுத்தும் காவலரின் கை அது. பிறகு ஒரு சொல் வரும்: "தெரியும்." கன்னடக்காரர்களிடம் "கொத்து" என்பார். தலைமை ஆசிரியரிடம் ஆங்கிலத்தில் "ஐ நோ" என்பார். மொழிக்கு மொழி சொல் மாறும், கை மட்டும் மாறாது.

அவர் வரலாற்று ஆசிரியை. உயர்நிலை வகுப்புகளுக்கு ஒருங்கிணைப்பாளர். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர் என்பதால் எங்களுடன் தமிழில்தான் பேசுவார். ஆனால் வாக்கியத்தின் நுனியில் மைசூர்க்காரர்கள் மரியாதைக்குச் சேர்க்கும் அந்த "ரீ" ஒட்டிக்கொண்டிருக்கும். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கழுத்துச் சங்கிலியில் தொங்கும் மூக்குக்கண்ணாடி, எந்தப் பருவத்திலும் கறுப்புக் குடை. காலை ஏழு ஐம்பதுக்கு அறைக்குள் வருவார். ஏழு ஐம்பத்தொன்றுக்கு மின்விசிறியைத் தன் பக்கம் திருப்புவார். என் மேசை அதற்கு எதிர்ப்பக்கம்.

நான் புவியியல் எடுத்தேன். தினமும் நாட்குறிப்பு எழுதுகிற பழக்கம் எனக்குப் பத்தொன்பது வயதிலிருந்து உண்டு. என்ன நடந்தது, யார் என்ன சொன்னார், மணி என்ன, இவை மட்டும். உணர்ச்சிகளை எழுதுவதில்லை. அதனால் இங்கே நான் எழுதுவதில் தவறு இருக்காது. அன்பு இல்லை என்று யாராவது சொன்னால் அதை மறுக்க மாட்டேன்.

அவருக்கு உண்மையிலேயே நிறையத் தெரியும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒருமுறை ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியைக் காணவில்லை. பள்ளி முழுக்கத் தேடினோம். உடற்பயிற்சி ஆசிரியர் ஓடிவந்து, "மேடம், ஒரு பொண்ணு" என்று தொடங்கியதும் கை எழுந்தது. நேராக அரங்கத்துக்குப் போய் மேடைத் திரையை விலக்கினார். கணக்குத் தேர்வுக்குப் பயந்து அந்தச் சிறுமி அங்கே உட்கார்ந்திருந்தாள். எப்படிக் கண்டுபிடித்தார் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன பதில் வரும் என்பது எங்களுக்கே தெரிந்திருந்தது. இன்னொரு நாள் நான் மதியச் சாப்பாட்டை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. மாதுளை முத்துக்கள் போட்ட தயிர்சாதம் பாதி டப்பா என் மேசைக்கு நகர்ந்து வந்தது. நான் வாயைத் திறந்தேன். "தெரியும், சாப்பிடுங்க" என்றார்.

அந்தத் தயிர்சாதத்தையும் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் அதற்கு இரண்டு பக்கம் தள்ளி இன்னொரு குறிப்பு இருக்கிறது.

என் மாமியார் கொள்ளேகாலில் இறந்த அன்று காலை ஆறு மணிக்கு அவரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"மேடம், வீட்ல ஒரு துக்கம், எங்க..."

"தெரியும் மிஸ். நீங்க கிளம்புங்க. லீவ் லெட்டர் அப்புறமா பாத்துக்கலாம்."

மைசூர் விஜயநகரில் என் வீட்டில் என்னுடன் என் அம்மா இருந்தார். வயது எழுபதைத் தாண்டியவர், முழங்கால் தேய்ந்தவர். இந்த இரண்டு விவரங்களை வைத்து மேடம் தீர்ப்பு எழுதிவிட்டார். நான் கொள்ளேகால் பேருந்தில் உட்கார்ந்திருந்த நேரத்தில் பள்ளியின் காலைக் கூட்டத்தில் என் அம்மாவுக்கு ஒரு நிமிட மௌனம் நடந்தது. மாலையில் இரண்டு ஆசிரியைகள் ஆளுயரச் சம்பங்கி மாலையோடு என் வீட்டு மணியை அடித்தார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்து கதவைத் திறந்தது என் அம்மா.

வந்தவர்கள் என்ன சொல்வார்கள், பாவம். ஒருத்தி, "சாமி படத்துக்கு" என்றாளாம்.

அம்மா மாலையை வாங்கி மேலும் கீழும் பார்த்திருக்கிறார். "சாமி படம் சின்னதும்மா. இது எனக்கே அளவெடுத்த மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு, இருவருக்கும் காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

நான் திரும்பி வந்ததும் மேடத்திடம் போனேன். "மேடம், இறந்தது என்னோட..." உள்ளங்கை எழுந்தது. "தெரியும். மாமியாரும் அம்மாதானே, மிஸ்."

அவ்வளவுதான். மன்னிப்பு என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டதில்லை. என் அம்மா சிரித்துச் சிரித்து அந்தக் கதையைப் பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது அந்தப் பயணம்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கடல் வழிகளைப் பற்றி ஒரு பாடம் உண்டு. மைசூர்ப் பிள்ளைகள் அரண்மனையை ஆறு முறை பார்த்திருப்பார்கள், கப்பலை ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். கோழிக்கோட்டுப் பக்கம் ஒரு சின்னக் கடற்கரை ஊரில் கடல்சார் அருங்காட்சியகம் ஒன்று இருப்பதை அறிந்து, ஜூன் மாதத்தில் அவர்களுக்குக் கடிதம் எழுதினேன். மரக்கலங்களின் உள்கட்டு, பழைய திசைகாட்டிகள், ஒரு முழுப் படகைக் குறுக்கே அறுத்து வைத்த காட்சி என்று அவர்கள் விவரமாகப் பதில் போட்டார்கள். ஒரு வழிகாட்டியை ஏற்பாடு செய்வதாகவும் சொன்னார்கள்.

அதற்கு ஐந்து மாதம் உழைத்தேன். திட்டம் பதினான்கு பக்கம் வந்தது. குண்டுலுப்பேட்டைக்கு அப்பால் காட்டுச் சோதனைச் சாவடி இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை மூடியிருக்கும். அதனால் பள்ளியிலிருந்து நான்கரைக்குக் கிளம்பினால் சாவடி திறக்கும்போது அங்கே நிற்கலாம். வயநாட்டு மலைப்பாதையில் ஒன்பது கொண்டை ஊசி வளைவுகள், அதற்கு எலுமிச்சம்பழமும் காகிதப் பைகளும். எந்த உணவகத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை சுத்தம் என்பது வரை விசாரித்து எழுதினேன். எழுதியது ஆங்கிலத்தில். பதினோராம் பக்கத்தில் அருங்காட்சியக விவரங்கள்: முகவரி, திறக்கும் நேரம், புகைப்பட விதிகள், வார விடுமுறை திங்கட்கிழமை.

எட்டாம் வகுப்பு பி பிரிவில் கௌசல்யா என்று ஒரு பெண் இருந்தாள். அவளுடைய அப்பா மேஸ்திரி. விஜயநகர் நான்காம் ஸ்டேஜில் புது வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார். வேலை முடிந்ததும் ஓசூருக்குப் போய்விடுவோம், ஏப்ரலுக்குமேல் இந்தப் பள்ளியில் இருக்க மாட்டேன் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். "கப்பல் பாத்துட்டுத்தான் போவேன் மிஸ்" என்பாள். வீடு கட்டுவதை அருகிலிருந்து பார்த்த பெண் ஆதலால் அவள் கேள்விகள் வேறு மாதிரி இருக்கும். ஆணி இல்லாமல் பலகை எப்படி நிற்கும், தண்ணீர் எந்த வழியாகக் கசியும் என்று கேட்பாள். அவளை நினைத்துத்தான் பன்னிரண்டு கேள்விகள் கொண்ட ஒரு தாளைத் தயாரித்தேன். பிள்ளைகள் அங்கே பார்த்துப் பார்த்து நிரப்ப வேண்டியது. முதல் கேள்வி எளிமையானது: வாயிற்பலகையில் எழுதியிருப்பதைப் பார்த்து எழுதுக.

நவம்பரில் ஒரு மதியம் நகல் எடுக்கும் இயந்திரத்தின் மேல் என் திட்டத்தைப் பார்த்தேன். புதிய மேலட்டை போட்டிருந்தது. தயாரித்தவர் என்ற இடத்தில் மேடத்தின் பெயர். உள்ளே என் பதினான்கு பக்கங்களும் ஒரு புள்ளி மாறாமல் இருந்தன. அவர் அதைப் படிக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. படித்திருந்தால் எங்காவது ஒரு சொல்லையாவது திருத்தியிருப்பார்.

மறுநாள் ஆசிரியர் அறையில் பெயர்ப் பட்டியல் வாசித்தார். உடன் செல்லும் ஐந்து ஆசிரியர்களில் நான் இல்லை.

"மிஸ், நீங்க எல்லாம் நீட்டா பண்றவங்க. அரையாண்டு மார்க் ஷீட் உங்க கையில இருந்தாதான் எனக்கு நிம்மதி" என்றார்.

"மேடம், இந்தப் பயணத்த நான்..."

"தெரியும் ரீ. உழைப்பு உங்களோடது. அதுக்காகக் கூடவே வரணும்னு என்ன இருக்கு?"

கன்னட ஆசிரியை தன் வளையல்களை எண்ணுவதுபோலக் குனிந்துகொண்டாள். மின்விசிறி மேடத்தின் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது. நான் மதிப்பெண் தாள்களை வாங்கிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை, தேதியை மாற்றினார். பயணம் அடுத்த சனிக்கிழமை என்று இருந்தது. அதைத் தள்ளித் திங்கட்கிழமைக்குப் போட்டார்.

"சனி ஞாயிறுன்னா ஊர்க் கூட்டமெல்லாம் அங்கதான் இருக்கும். திங்கக்கிழமை ஈ காக்கா இருக்காது. பிள்ளைங்க நிதானமா பாக்கலாம்" என்றார். அறையில் இருந்தவர்கள் ஆமோதித்தார்கள். நல்ல யோசனைதான்.

"மேடம், திங்கட்கிழமை..." என்றேன்.

கை எழுந்தது. "தெரியும்."

என் நாட்குறிப்பில் அந்த நாளுக்கு இப்படி இருக்கிறது: நான் இரண்டு சொல் சொன்னேன். அவர் ஒரு சொல் சொன்னார். மூன்றாவது சொல்லை நான் சொல்லவில்லை.

அன்று சொல்லாதது என் குற்றம் இல்லை என்று வாதாடலாம். அடுத்த ஒன்பது நாட்களுக்கு அந்த வாதம் செல்லாது. ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அவர் மேசையில் வைத்திருக்கலாம். தலைமை ஆசிரியரிடம் சொல்லியிருக்கலாம். அட்டெண்டர் மாதையனிடம் சொல்லியிருந்தால்கூட மாலைக்குள் பள்ளி முழுக்கப் பரவியிருக்கும். இவற்றில் ஒன்றையும் செய்யவில்லை. செய்ததை மட்டும் சொல்கிறேன். கல்வித் துறையின் அனுமதிக் கடிதத்தில் தேதியை மாற்றி வாங்கிக் கொடுத்தேன், ஏனென்றால் அது என் வேலை. அருங்காட்சியகத்தைத் தொலைபேசியில் அழைத்து, சனிக்கிழமை வழிகாட்டி வேண்டாம், நாங்கள் வரவில்லை என்றேன். "வேறு எந்த நாள் வருகிறீர்கள்?" என்று கேட்டார்கள். "எங்கள் மேடம் தெரிவிப்பார்" என்றேன். பதினோராம் பக்கத்தை ஒரு நகல் எடுத்து, விடுமுறை என்ற வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டு, என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

அந்த ஒன்பது நாட்களும் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. அதையும் எழுதியிருக்கிறேன்.

திங்கட்கிழமை விடியுமுன் பிள்ளைகளை வழியனுப்பப் பள்ளிக்குப் போனேன். போக வேண்டிய அவசியம் இல்லை. வாசலில் இரண்டு அரசுப் பேருந்துகள் நின்றன. மார்கழிக்கு முந்தைய குளிர். பெற்றோர் ஸ்வெட்டரோடும் குரங்குக் குல்லாவோடும் நின்றார்கள். கௌசல்யாவின் அப்பா அவளை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டார். அவள் என் கேள்வித்தாளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, இரண்டு பென்சில்களோடு கையில் வைத்திருந்தாள்.

"மிஸ், நீங்க வரலையா?"

"எனக்கு வேலை இருக்கும்மா."

"நான் எல்லாத்தயும் பாத்து எழுதிட்டு வந்து தரேன் மிஸ். ஒண்ணுகூட விட மாட்டேன்."

மேடம் குடையோடு முதல் பேருந்தின் படியில் நின்றார். கையில் பட்டியல். என்னைப் பார்த்து, "எல்லாரும் வந்துட்டாங்களா?" என்றார். இரண்டு பேருந்துகளிலும் ஏறி எண்ணிவிட்டு வந்து சொன்னேன்.

"மேடம், எண்பத்துநாலு பிள்ளைங்களும் வந்துட்டாங்க."

அவர் கையைத் தூக்கவில்லை. கடைசிச் சொல் வரை கேட்டார். தலையை ஆட்டி, கன்னடத்தில் "ஆய்த்து", சரி, என்றார். அதுதான் நான் முடித்த மூன்றாவது வாக்கியம். அதன்பின் அவர் இன்னும் சில வினாடிகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், வேறு ஏதாவது சொல்வேனோ என்பதுபோல. அந்த வினாடிகளில் நான்காவதற்கு இடம் இருந்தது. நான் பிள்ளைகளுக்குக் கையசைத்தேன்.

அன்று முழுவதும் மதிப்பெண் தாள்களை நிரப்பினேன். என் திட்டப்படி ஆறு மணிக்குச் சாவடி. எட்டரைக்கு இட்லி. பத்தே முக்காலுக்கு வாசல். பத்தே முக்காலுக்குப் பேனாவை மூடிவைத்துவிட்டு, எழுந்து போய், மின்விசிறியை என் பக்கம் திருப்பினேன். குளிர்காலம்தான். இருந்தாலும் திருப்பினேன்.

என்ன நடந்தது என்பதை மறுநாள் காலை மாதையன் சொன்னார். அவர் கொள்ளேகால் பக்கத்துக் கௌதள்ளிக்காரர், முதல் பேருந்தில் சாப்பாட்டுப் பாத்திரங்களோடு போயிருந்தார்.

"ஏனுங் டீச்சர், அதை என்னனு சொல்றதுங். கேட்டுல கையகலத்துக்குப் பூட்டு. ஒண்ணுக்கு ரெண்டா. வாச்மேன் உள்ளிருந்து வந்தானுங். 'மேடம், இன்னைக்கு...'னு ஆரம்பிச்சான். அந்தம்மா கையத் தூக்கி 'ஐ நோ, ஐ நோ, ஓபன் இட்'னாங்க."

"அப்புறம்?"

"அப்புறமென்னுங். அவன் இவங்களப் பாக்கறான், இவங்க அவனப் பாக்கறாங்க. அவன் பேசாம போர்டக் காட்டுனான். அந்தம்மா கண்ணாடியப் போட்டுப் படிச்சாங்க. படிச்சுட்டு அப்படியே நின்னாங்க பாருங்க, பிள்ளைங்கெல்லாம் பின்னாடி வரிசையா நிக்குதுங்க."

மாதையன் அரங்கத்துக்கு முன்னால் நாடகம் போடுகிறவர்போல ஒவ்வொன்றாகச் சொன்னார். பிள்ளைகளை மதில் நிழலில் உட்கார வைத்துப் புளியோதரை கொடுத்தார்கள். பிறகு கடற்கரைக்கு அழைத்துப் போனார்கள். பிள்ளைகள் அலையில் குதித்தன. மேடம் பேருந்திலேயே இருந்தார்.

"தண்ணி குடுக்கப் போனேனுங். அந்தப் பேப்பர் கட்ட மடியில வெச்சு ஒவ்வொரு பக்கமாப் படிச்சுட்டிருந்தாங்க. முதல்ல இருந்து. ஒரு பக்கத்துல வந்து நின்னுட்டாங்க. அதுக்கப்புறம் திருப்பவே இல்லீங். திரும்பி வரப்ப மலையில அஞ்சாறு பிள்ளைங்க வாந்தி. ஆயாவ எழுப்பலீங். அந்தம்மாவே பழந்துணிய நனைச்சு ஒவ்வொண்ணாத் தொடச்சு விட்டாங்க."

இந்தக் கடைசிப் பகுதியை நான் கேட்க விரும்பவில்லை. ஆனாலும் எழுதினேன்.

புதன்கிழமை தலைமை ஆசிரியர் எல்லோரையும் கூட்டினார். பெற்றோர் முப்பது பேர் புகார் கொடுத்திருந்தார்கள். என் கைப்பையில் பதினோராம் பக்கத்தின் நகல் மடித்து இருந்தது. என்னைக் குறை சொன்னால் அதை எடுத்து மேசைமேல் வைப்பது என்று ஒத்திகையும் பார்த்திருந்தேன்.

"விடுமுறை நாளைக்கூடப் பார்க்காமல் திட்டம் போட்டது யார்?" என்று கேட்டார்.

மேடம் எழுந்தார். "பிளான்ல இருக்கு சார். பதினோராம் பக்கம். நான் படிக்கல."

என் பெயரை அவர் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். நகல் கைப்பையிலேயே கிடந்தது. அந்த மாதமே ஒருங்கிணைப்பாளர் பொறுப்பு வேறொருவருக்குப் போனது. அடுத்த ஆண்டு முதல் வெளியூர்ப் பயணமே வேண்டாம் என்று நிர்வாகம் முடிவு செய்தது.

அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. ஜனவரியில் ஒருநாள் மேடம் என் மேசைக்கு வந்து, "மிஸ், நாளைக்கு மூணாவது பீரியட்..." என்று தொடங்கினார். நான் வலது உள்ளங்கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கினேன்.

"தெரியும்" என்றேன்.

முதலில் கணக்கு ஆசிரியர் சிரித்தார். கன்னட ஆசிரியை புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். அந்த வாரத்துக்குள் ஆசிரியர் அறையில் அது ஒரு விளையாட்டாகிவிட்டது. மேடம் வாய் திறந்தால் யாராவது ஒருவர் கையைத் தூக்குவார். பழகிப்போனபின் பியூன்கள்கூடச் செய்தார்கள். தொடங்கி வைத்தது நான். மேடம் ஏப்ரல் வரை இருந்தார், பெரும்பாலும் பேசாமல். பிறகு, இன்னும் மூன்று ஆண்டு சர்வீஸ் இருக்கையிலேயே விருப்ப ஓய்வில் போய்விட்டார். பிரிவு விழாவில் அவர் பேச எழுந்தபோது பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

இதையெல்லாம் நான் இரக்கத்தோடு எழுதவில்லை. ஆளுயர மாலை வாங்கிக்கொண்ட என் அம்மாவையும், மேலட்டையில் இருந்த பெயரையும் நினைத்தால் இன்றும் எனக்கு அது அளவாகவே படுகிறது. அளவுக்கு வெளியே நிற்பது ஒரு தாள்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, மாதையன் சொல்லிவிட்டுப் போன பத்தாவது நிமிடம், கௌசல்யா ஆசிரியர் அறை வாசலுக்கு வந்தாள். பிளாஸ்டிக் உறையை என்னிடம் நீட்டினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. வேலை முடிக்காதவர்களின் வெட்கம்தான் இருந்தது.

பன்னிரண்டு கேள்விகளில் பதினொன்றுக்குக் கீழே கோடுகள் காலியாக இருந்தன. வாயிற்பலகையில் எழுதியிருப்பதைப் பார்த்து எழுதுக என்ற முதல் கேள்விக்கு மட்டும் விடை இருந்தது. அருங்காட்சியகத்தின் பெயரை எழுதி, திறக்கும் நேரத்தை எழுதி, அதன் கீழே, ஒவ்வோர் எழுத்தும் பெரிதாக, திங்கட்கிழமை விடுமுறை என்று எழுதியிருந்தாள்.

"வெளியில நின்னு இதுதான் மிஸ் எழுத முடிஞ்சுது" என்றாள்.

ஒரு மதிப்பெண் போட்டேன். விடை சரியாக இருந்தது. ஏப்ரலில் அவள் அப்பா வந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனார். அந்தத் தாளை அவள் திரும்பக் கேட்கவில்லை. அது என்னிடம்தான் இருக்கிறது, அந்த ஆண்டின் நாட்குறிப்புக்குள்.

மேடத்தை மறுபடி பார்த்தது போன ஆண்டு. விஜயநகரில் தண்ணீர்த் தொட்டி அருகே இருக்கும் பூங்காவில் காலை ஆறரைக்கு நான் நடப்பேன். சிமென்ட் பெஞ்சில் ஒருவர் கறுப்புக் குடையோடு உட்கார்ந்திருந்தார். கஞ்சி போட்ட புடவை அதே போலத்தான். உடம்பு அதற்குள் பாதியாகியிருந்தது. மகளோடு இந்தப் பக்கம் குடிவந்து இரண்டு மாதம் ஆகிறது என்றார்.

நான் எதிரில் நின்றேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. பல ஆண்டுகளாக அந்த வாக்கியத்தை நான் மனதில் திருத்தித் திருத்தி வைத்திருந்தேன். மன்னிப்புக் கேட்பதற்காக இல்லை. நான்தான் செய்தேன் என்பது அவருக்குத் தெரிய வேண்டும். யார் கையால் விழுந்தோம் என்று தெரியாமலே ஒருவர் விழுந்து கிடந்தால், தள்ளியவருக்கு அதில் என்ன இருக்கிறது?

"மேடம், அந்தத் திங்கட்கிழமை, எனக்கு..."

வலது உள்ளங்கை எழுந்தது. நரம்பு தெரியும் மெலிந்த கை. ஆனால் தோள் உயரத்துக்குச் சரியாக வந்து நின்றது.

"தெரியும்" என்றார்.

"இல்ல மேடம், நான் முழுசா..."

"தெரியும் ரீ. பஸ்லயே தெரியும். பதினோராம் பக்கத்தப் பாத்தப்பவே."

சிரித்தாரா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கையைக் கீழே இறக்கிக் குடைப்பிடியின் மேல் வைத்துக்கொண்டார். எல்லாம் தெரிந்துதான் அந்தக் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லாமல் இருந்திருக்கிறார். எல்லாம் தெரிந்துதான் நான் கையைத் தூக்கியபோது பேசாமல் திரும்பிப் போயிருக்கிறார். இத்தனை ஆண்டுகள் நான் தூக்கிக்கொண்டு திரிந்ததை வாங்கிக்கொள்ளவும் மாட்டேன் என்கிறார்.

நடைபாதையில் யாரோ நாயோடு போனார்கள். மேடம் அந்த நாய் மறையும்வரை பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"அம்மா எப்படி இருக்காங்க? காப்பி ரொம்ப நல்லா போடுவாங்கன்னு அந்த ரெண்டு பேரும் வந்து சொன்னாங்க."

"அம்மா..." என்று நிறுத்தினேன். பழக்கத்தால் அவர் கையைப் பார்த்தேன். கை குடையின் மேலேயே இருந்தது. அவர் காத்திருந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

"அம்மா போன சித்திரையில தவறிட்டாங்க, மேடம்."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சங்கிலியில் தொங்கவிட்டார்.

"எனக்குத் தெரியாது, மிஸ்" என்றார். "தெரியாது."

குடையை ஊன்றி எழுந்து, என் தோளை ஒருமுறை தொட்டுவிட்டு, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நடந்து போனார். நான் வீட்டுக்கு வந்ததும் நாட்குறிப்பை எடுத்தேன். மணி ஏழு பத்து. சொல்லி முடித்த வாக்கியம் ஒன்று, மொத்தம் நான்கு என்று எழுதினேன். நான் சொல்லப் போனது அது இல்லை என்று அதன் கீழே இன்னொரு வரி எழுதினேன்.